எட்டு போடுவதற்கு முன்னால் ஒரு மாதம்

எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் கழிந்த பிறகுதான் லைசென்ஸ் தேர்வுக்குப் போக முடியும். 6 மாதம் முடிவதற்குள் போய்விடவும் வேண்டும், தாண்டினால் அந்த எல்.எல்.ஆர். செல்லாது. இந்த இரண்டு கெடுவுக்கும் நடுவில் இருக்கும் நாட்களைப் பெரும்பாலோர் சும்மா கழித்துவிட்டு, தேர்வுக்கு முதல் நாள் மாலை யாரிடமாவது வண்டியை வாங்கி இரண்டு சுற்று சுற்றிப் பார்க்கிறார்கள். நம் ஊரில் இருசக்கர வண்டி ஓட்டுபவருக்கு முறையான பயிற்சி என்று ஒன்று கிடைப்பதாக இருந்தால், அது இந்த ஒரு மாதத்தில்தான் கிடைக்கும். லைசென்ஸ் வந்த பிறகு யாரும் உங்களை நிறுத்தி பிரேக் பிடிக்கச் சொல்லித்தரப் போவதில்லை. அதனால் விண்ணப்பம், கட்டணம் போன்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிட்டு இந்த அத்தியாயத்தில் அதிக நேரத்தை அந்த மாதத்துக்கே ஒதுக்கப்போகிறேன்.

முதலில் வயது. சட்டப்படி 16 வயது முடிந்தவர் கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டியை ஓட்டலாம். இது பழைய டிவிஎஸ் 50 காலத்துச் சலுகை. இன்றைக்குக் கடையில் நிற்கிற பெட்ரோல் ஸ்கூட்டிகள் எல்லாம் அதற்கு மேல். எக்ஸ்எல் 100 கூட அந்த வரம்புக்குள் வராது. ஆகவே 18 என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் டியூஷனுக்குப் போக வண்டியைக் கொடுக்கும் பெற்றோர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை பிடிபட்டாலோ விபத்து நடந்தாலோ வண்டியின் உரிமையாளருக்கு அல்லது பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. கல்லூரி முடித்து வேலை தேடும் வயதில் ஒரு இளைஞனுக்கு இது எவ்வளவு பெரிய முடக்கம் என்று யோசித்துப் பாருங்கள்.

மின்சார ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னால், எந்த வண்டிக்கு என்று திருப்பிக் கேளுங்கள். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் வண்டிகளுக்கு மட்டும்தான் அந்த விலக்கு. அதற்கு மேல் ஓடுகிற எதுவும் சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம்தான். பச்சை நம்பர் பிளேட் இருந்தால் லைசென்ஸும் இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் வண்டி வகை கேட்பார்கள். கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று இரண்டு. கியர் வண்டிக்கு எடுத்தவர் ஸ்கூட்டியும் ஓட்டலாம். ஸ்கூட்டிக்கு மட்டும் எடுத்தவர் கியர் வண்டியைத் தொடக்கூடாது. பெண்கள் பலருக்கு டிரைவிங் ஸ்கூலில் கேட்காமலேயே கியர் இல்லாத வகையைப் போட்டுவிடுகிறார்கள். அண்ணன் வண்டியிலாவது பழகி கியர் வகையிலேயே எடுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. வீட்டில் ஓர் அவசரத்துக்கு நிற்கிற வண்டி எது என்று முன்கூட்டித் தெரியாது. கார் பழகும் எண்ணம் இருந்தால் அதையும் இதே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள், அலைச்சல் ஒன்றோடு முடியும்.

விண்ணப்பம் பரிவாகன் இணையதளத்தின் சாரதி பகுதியில். கைப்பேசியிலேயே செய்யலாம். முடியாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு ஒரு வகைக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50, பின்னால் ஓட்டும் தேர்வுக்கு 300, லைசென்ஸ் வழங்க 200. மாநிலத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல் கொஞ்சம் சேரும். இருசக்கர வண்டிக்கு டிரைவிங் ஸ்கூல் சான்றிதழ் கட்டாயமில்லை. புரோக்கர் கட்டாயமே இல்லை. அலுவலக வாசலில் "எல்லாம் நான் பாத்துக்கிறேன் தம்பி" என்று வருபவருக்குக் கொடுக்கும் ஆயிரங்களில் நல்ல ஹெல்மெட் ஒன்று வாங்கலாம். 40 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் மருத்துவரிடம் படிவம் 1அ வாங்கி இணைக்க வேண்டும், மற்றவர்களுக்குச் சுய உறுதிமொழி போதும்.

எல்.எல்.ஆர். தேர்வு கணினியில், தமிழிலேயே எழுதலாம். 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் படிக்காமல் போகாதீர்கள். வட்டத்துக்குள் இருப்பது கட்டளை, மீறினால் குற்றம். முக்கோணம் எச்சரிக்கை. நீலச் செவ்வகம் தகவல். எட்டு மூலை இருந்தால் நில். தலைகீழ் முக்கோணம் என்றால் மற்றவருக்கு வழிவிடு. குறுகிய பாலத்தில் எதிரே வண்டி ஏறிவிட்டால் நாம் நிற்க வேண்டும். மலைப்பாதையில் ஏறிவருகிற வண்டிக்கே முன்னுரிமை. கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் வண்டியில் போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இந்தக் கடைசி விதி தெரியும் என்பது அங்கே ஒரு வளைவில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் புரிந்துவிடும்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு

வேலைக்காக மதுரையிலிருந்து சென்னைக்கு வந்தவர், தமிழ்நாட்டுக்குள் எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. சட்டம் இடம் கொடுத்தாலும் முகவரியில் கவனம் வேண்டும். லைசென்ஸ் கார்டை இப்போது அலுவலகத்தில் கையில் கொடுப்பதில்லை, விரைவு அஞ்சலில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆதாரில் ஊர் முகவரி இருந்து, நீங்கள் வேளச்சேரியில் மேன்ஷனில் இருந்தால் கார்டு ஊருக்குப் போய்ப் பூட்டிய வீட்டு வாசலைப் பார்த்துத் திரும்பிவிடும். இரண்டு மூன்று ஆண்டாவது இங்கே இருக்கப்போகிறீர்கள் என்றால் வீட்டு வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி ஆதார் முகவரியை முதலில் மாற்றிவிட்டு, அதன் பிறகு விண்ணப்பியுங்கள்.

வேறு மாநிலத்தில் எடுத்த லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும். பெங்களூரிலோ பாட்னாவிலோ எடுத்தவர் இங்கே வந்து புதிதாக எடுக்கத் தேவையில்லை, எடுக்கவும் கூடாது. ஒருவர் இரண்டு லைசென்ஸ் வைத்திருப்பது குற்றம். முகவரி மாற்றத்துக்கு மட்டும் விண்ணப்பித்தால் போதும். பழைய புத்தக வடிவ லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் வரும். அவர்களுடைய விவரம் சாரதி தளத்தில் ஏறியிருக்காது. அதை முதலில் வழங்கிய அலுவலகமே பதிவேற்றித் தர வேண்டும். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது இந்த வேலையை முடித்துவிடுங்கள். இங்கேயிருந்து போனில் முயன்றால் மாதக்கணக்கில் இழுக்கும்.

வெளிநாட்டில் எடுத்த லைசென்ஸ் நடப்பில் இருந்தால், அதே வகை வண்டிக்கு இங்கே ஓட்டிக்காட்டும் தேர்விலிருந்து விலக்குக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களிடம் பெரும்பாலும் கார் லைசென்ஸ்தான் இருக்கும், அது பைக்குக்கு உதவாது. தவிர, சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய கண்ணை இடப்பக்கத்துக்குத் திருப்பச் சில நாட்கள் ஆகும். ஆளில்லாத தெருவில் ஓட்டி அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொண்டு பிறகு மெயின்ரோட்டுக்கு வாருங்கள்.

ஆள் இடம் மாறுவது சுலபம், வண்டி இடம் மாறுவதுதான் கஷ்டம். வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28 வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் அதற்கு முன் வங்கியின் ஒப்புதலும் வேண்டும். இங்கே ஆயுள்கால வரி கட்ட வேண்டும். அங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், அதற்குத் தனியாக அலைய வேண்டும். வண்டி பழையது என்றால் அங்கேயே விற்றுவிட்டு இங்கே ஒன்று வாங்குவது நல்லது. இதில் கணக்கு மட்டுமில்லை, நிம்மதியும் இருக்கிறது.

அந்த ஒரு மாதம்

எல்.எல்.ஆர். வந்துவிட்டது. முதல் வேலை, முன்னும் பின்னும் 'எல்' எழுத்து. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து, அட்டை 18 சென்டிமீட்டர் சதுரம், எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டர் என்று விதியிலேயே அளவு இருக்கிறது. பின்னால் நண்பரையோ தங்கையையோ ஏற்றக்கூடாது. கற்றுத்தருவதற்காக வரும் லைசென்ஸ் உள்ளவர் மட்டும் உட்காரலாம்.

ஊரில் பத்தாவது படிக்கும்போதே அப்பாவின் வண்டியை எடுத்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். அவர்களுக்குத்தான் இந்த மாதம் மிகவும் தேவை. வயல்காட்டு ரோட்டில் பழகியவருக்கு வண்டியை நகர்த்தத் தெரியும். நிறுத்தவும், மெதுவாகத் திருப்பவும், மூன்று பக்கமும் வண்டி வரும்போது எங்கே பார்ப்பது என்றும் தெரிந்திருக்காது. தேர்வு மைதானத்தில் கால் ஊன்றித் தோற்பவர்களில் இப்படிப் பல வருஷம் ஓட்டியவர்கள் நிறையப் பேர். வேகத்தில் வண்டி தானே நிமிர்ந்து நிற்கும். மெதுவாகப் போகும்போதுதான் ஓட்டுபவரின் கை தெரியும்.

தேர்வில் வண்டியை எட்டு வடிவத்தில் ஓட்டிக்காட்டச் சொல்வார்கள். அந்த எட்டு போடப் பழக ஒரு காலி மைதானமும் இரண்டு செங்கல்லும் போதும். ஞாயிறு காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் வந்திருக்க மாட்டார்கள். செங்கற்களை 25 அடி இடைவெளியில் வையுங்கள். முதல் கியர். கிளட்சை முழுக்க விடாமல், வண்டி இழுக்கத் தொடங்குகிற இடத்தில், அதாவது ஹாஃப் கிளட்சில் நிறுத்திப் பிடியுங்கள். ஆக்சிலேட்டரைச் சிறிதளவு திருகி அப்படியே வையுங்கள், கூட்டிக் குறைக்காதீர்கள். வேகத்தைக் கட்டுப்படுத்துவது வலது காலின் வேலை. பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே ஓட்டினால் வண்டி குலுங்காமல் ஊர்ந்து போகும். முன் பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்துவிடுங்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சாயும்.

இனி கண். எட்டு போடத் தெரியாதவர்கள் எல்லோரும் முன் சக்கரத்தைப் பார்க்கிறார்கள். எங்கே பார்க்கிறோமோ அங்கேதான் வண்டி போகும். முதல் செங்கல்லைச் சுற்றத் தொடங்கியதும் கழுத்தைத் திருப்பி இரண்டாவது செங்கல்லைத் தேடுங்கள். நடுவில் கோடு கடக்கும் இடத்துக்கு வரும்போது கண் அடுத்த வளைவுக்குள் போயிருக்க வேண்டும். உடம்பு நிமிர்ந்தே இருக்கட்டும், வண்டி மட்டும் சாயட்டும். முழங்கால் இரண்டும் டேங்கை ஒட்டியிருந்தால் கை இறுகாது, கை இறுகாவிட்டால் ஹேண்டில் திரும்பும். இடப்பக்கம் சுற்றுவது எல்லோருக்கும் சீக்கிரம் வந்துவிடும். வலப்பக்கம் திரும்பும்போது ஆக்சிலேட்டர் கை மடங்குவதால் தெரியாமலே வேகம் கூடும். அந்தப் பக்கத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். தடுமாறாமல் வந்துவிட்டது என்றால் செங்கற்களை 20 அடிக்கு நெருக்கி வையுங்கள். அதிலும் வந்துவிட்டால் தேர்வு மைதானத்து எட்டு உங்களுக்குப் பெரிதாகத் தெரியும்.

தேர்வுக்குச் சிறிய வண்டியைக் கொண்டு போங்கள். ஸ்பிளெண்டர் 112 கிலோ, கிளாசிக் 350 புல்லட் 195 கிலோ. இரண்டுக்கும் லைசென்ஸ் ஒன்றுதான். இரவல் வண்டி என்றால் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

எட்டைவிட முக்கியமானது பிரேக். அது தேர்வில் பெரிதாக வருவதில்லை, அதனாலேயே யாரும் பழகுவதில்லை. "முன் பிரேக் பிடிச்சா தூக்கிப் போட்டுடும்" என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொடுத்து, பின் பிரேக்கை மட்டும் மிதிக்கும் தலைமுறைகளை உருவாக்கி வைத்திருக்கிறோம். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. முன் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கிறது, பின் சக்கரத்தின் பிடி குறைகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் பக்கம் வழுக்கும். தூக்கிப் போடுவது முன் பிரேக்கை ஒரே வெட்டாகப் பிடிப்பதால் வருவது. எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல மெதுவாகத் தொடங்கி இறுக்கிக்கொண்டே போக வேண்டும்.

அதே மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்குங்கள். வண்டி நேராக இருக்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு 30, பிறகு 40. 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறது. மாடு குறுக்கே வருவதைப் பார்த்து விரல் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 11 மீட்டர் கடந்துவிடும். இந்தக் கணக்கு உடம்பில் ஏறிவிட்டால் பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகத் தோன்றாது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் 2019 ஏப்ரலிலிருந்து சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டது, சிறிய வண்டிகளில் இரண்டு பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ் இருக்கிறது. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று தெரிந்து பழகுங்கள். மணலிலும் வளைவிலும் எதுவானாலும் இதமாகத்தான் பிடிக்க வேண்டும்.

மைதானம் கைவந்த பிறகு தெரு. முதலில் காலைப் பொழுது, பிறகு மாலை நெரிசல், கடைசியில் இரவு. சென்னைக்குப் புதியவர்கள் ஷேர் ஆட்டோவின் பின்னால் போவதைத் தவிருங்கள். கை காட்டும் ஆள் இருக்கும் இடமெல்லாம் அது நிற்கும். நிற்கும் பஸ்ஸை இடப்பக்கமாகத் தாண்டாதீர்கள், அங்கேதான் இறங்குவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எல்.எல்.ஆர். எடுத்தவர்கள் மழையையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரமான வெள்ளைக் கோட்டில் பிரேக் பிடிக்கக்கூடாது. தேங்கிய தண்ணீருக்கு அடியில் எப்போதும் பள்ளம் இருக்கிறது என்றே நினைத்து ஓட்ட வேண்டும்.

தேர்வு நாள்

கிராமத்துப் பக்கம் இன்றும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றே சொல்லப்படும் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் ஓட்டிக்காட்ட வேண்டும். ஹெல்மெட் போட்டு, கொக்கியை மாட்டி, கண்ணாடியைச் சரிசெய்து, சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இந்த நான்கையும் அவர் பார்ப்பார். கை சைகைகள் கேட்கலாம். இண்டிகேட்டர் இருக்கிறதே என்று அதைப் படிக்காமல் போகாதீர்கள். வரிசையில் முன்னால் நிற்பவர் வேகமாக எட்டு போட்டுப் பாராட்டு வாங்கினாலும் உங்கள் வேகம் ஊர்கிற வேகமாகவே இருக்கட்டும்.

தோற்றால் 7 நாள் கழித்து மறுபடியும் வரலாம். மூன்று முறையும் தேறாவிட்டால் 60 நாள் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் பணம் கொடுத்துத் தேறும் வழியைக் காட்ட ஆட்கள் வருவார்கள். ஓட்டத் தெரியாதவர் கையில் கார்டு இருப்பதால் பாதிக்கப்படப்போவது அவரும் எதிரே வரும் யாரோ ஒருவரும்தான். லைசென்ஸ் இல்லாமலே ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: பிடிபட்டால் 5,000 ரூபாய், வண்டியைக் கொடுத்தவருக்கும் 5,000. விபத்தில் ஒருவர் அடிபட்டால் இன்சூரன்ஸ் நிறுவனம் அவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு, முழுத் தொகையையும் வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். ஒரு வீட்டையே விற்க வைக்கக்கூடிய தொகை அது.

கார்டு வந்ததும் பெயர், பிறந்த தேதி, வண்டி வகை மூன்றையும் அன்றைக்கே சரிபாருங்கள். டிஜிலாக்கரில் ஏற்றிக்கொண்டால் சாலையில் அதையே காட்டலாம், சட்டப்படி அசலுக்குச் சமம். 30 வயதுக்குள் எடுத்தவருக்கு 40 வயது வரை செல்லும். காலாவதியாகி ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டியிருக்கும், ஆகவே தேதியைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள்.

இனி பின்னால் ஆளை ஏற்றலாம். ஒருவரை மட்டும். அவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் கட்டாயம். இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், உங்கள் லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்திவைக்கவும் சட்டம் அனுமதிக்கிறது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட்டோடு உங்கள் உடம்போடு பிணைக்கும் பெல்ட்டும் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக்கூடாது. அம்மாவையோ மனைவியையோ முதல்முறை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன் அந்த இரண்டாவது ஹெல்மெட்டை வாங்கிவிடுங்கள்.